பால் நேரம்

எங்க தீப்பெட்டிக் கம்பெனியில அப்ப பால் நேரம்னு ஒண்ணு கிடையாது. கைப்பிள்ளைக்காரிக பிள்ளையை கேட்டுக்கு வெளிய, வேப்பமரத்துத் தொட்டில்ல போட்டுட்டு வருவாக. அதுக கத்துறது உள்ள கேக்கும். மத்தியான மணி அடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. ரவிக்கையெல்லாம் பால்ல நனைஞ்சு, கண்ணுல தண்ணி வழிய, என் அண்ணன் பொண்டாட்டி குச்சி அடுக்கிக்கிட்டு இருப்பா. பக்கத்துல இருக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சாத்தூர்ல மாதர் சங்கம் கூடுன எடத்துக்கு என்னை இழுத்துக்கிட்டுப் போனதும் அந்த மதினிதான். "காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க பால் குடுக்க விடணும். அம்புட்டுத்தான கேக்கோம்" என்பா.

வேலையை நிறுத்துறதுன்னு முடிவாச்சு. எப்பங்கிறதுலதான் கோட்டை விட்டோம். வெயில் நாள்ல நிறுத்துனா கூலி போச்சுன்னு வீட்டு ஆம்பளைக உதைப்பாகன்னு பயம். மருந்து முக்குன குச்சி காய வெயில் வேணும். அடைமழையில எப்படியும் வேலை இருக்காது, அப்ப உக்காருவோம்னு பேசிட்டாக. மதினி தலையில அடிச்சுக்கிட்டா. "மொதலாளிக்கு வலிக்கிற நாள்லதான உக்காரணும்?" யாரு கேட்டா? ஆனாலும் ஐப்பசி மழையில சாக்கைப் போத்திக்கிட்டு, கேட்டுக்கு முன்னால மொத ஆளா உக்காந்தது அவதான்.

மொதலாளி குடையோட வந்தாரு. "மழை விடுற வரைக்கும் நானே மூடத்தான் இருந்தேன். போயிட்டு வாங்க"ன்னு சிரிச்சாரு.

வெயில் வந்துச்சு. ஆர்டர் குவிஞ்சு கெடந்துச்சு. இப்பவாச்சும் மதினி பேச்சைக் கேப்போம்னு ஒருத்தியும் வேலைக்கு அசையலை. கணக்குப்பிள்ளை தெருவுக்கே வந்து, பால் நேரம் உண்டு, எல்லாரும் வாங்கன்னாரு. எல்லாரும்னா, என் மதினியைத் தவிர. நாங்க போக மாட்டோம்னு நின்னோம். அவதான் வெரட்டுனா. "கெடச்சதை விட்டுறாதீக தாயி. போங்க."

அவளுக்கு எந்தக் கம்பெனியும் வேலை தரலை. என் அண்ணன் அவகிட்ட முகங்குடுத்துப் பேசலை. விடியுமுன்ன கரிசக்காட்டுக்குக் களையெடுக்கப் போயி, பொழுதடைஞ்சு வருவா. பகல் பூரா பிள்ளைக்கு எங்கம்மா ஆட்டுப்பால் ஊத்துனா.

கம்பெனியில காலை மணி அடிச்சதும் கைப்பிள்ளைக்காரிக எந்திரிச்சுப் போவாக. அழுகை ஒண்ணொண்ணா அடங்கும். நான் குனிஞ்சு குச்சி அடுக்குவேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினி கேப்பா, "இன்னைக்கும் விட்டாகளா?"

"விட்டாக மதினி."

சந்தோசமாத்தான் தலையாட்டுவா. கை காலைக் கழுவிட்டு பிள்ளையை எடுத்து மடியில போடுவா. அது அவ மாரைத் தள்ளிவிட்டுட்டு எங்கம்மாவைப் பாத்துக் கையை நீட்டும்.