பரவைக் காரின் முதல் சொந்தக்காரர்

மதுரை வில்லாபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய வண்டியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டேன். மீட்டரைத் திருப்பி வைத்தவர்கள், துருவின் மேல் பெயின்ட் அடித்தவர்கள் என்று அம்புட்டுப் பேரைப் பார்த்திருந்தேன். அதனால்தான் பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் என் மனைவியின் பெங்களூர் அண்ணன், கார் பார்க்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பரவைக்குப் போனோம். அங்கே வெங்காயக் கமிஷன் கடை வைத்திருந்தவரிடம் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருப்பதாகத் தகவல். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவர் தார்ப்பாயை விலக்கினார். பச்சை நிறம், இரண்டே சீட், மேலே கூரை இல்லை. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார்.

"எங்கப்பா ஒரு ஜமீன்ட்ட நேரா வாங்குனதுண்ணே. நடுவுல வேற கை படல" என்றார் கடைக்காரர்.

"எந்த ஜமீன்?"

"சிவகங்கைப் பக்கம்."

டீ குடித்து முடித்தபின் அதையே மறுபடி கேட்டேன். "ராம்நாடு பக்கம்ண்ணே" என்றார்.

ஆள் பொய் சொல்கிறார் என்று மச்சானிடம் எங்கள் சௌராஷ்டிர மொழியில் சொன்னேன். கடைக்காரரின் முகம் மாறியது. "என்னண்ணே, எனக்குப் புரியாத பாஷையில பேசிக்கிறீங்க?" என்றார். அப்புறம் நாங்கள் கிளம்பும்வரை காரை விட்டு நகரவே இல்லை.

நான் குனிந்து பார்த்தபோது கிளட்ச், பிரேக் இரண்டு பெடலிலும் மரக்கட்டை வைத்து முடுக்கியிருந்தது. கால் எட்டாத ஆள் யாரோ ஓட்டியிருக்க வேண்டும். கடைக்காரரோ கொட்டகைக்குள் தலையைக் குனிந்துதான் வர வேண்டும், அப்பா தன்னைவிட உயரம் என்று அவரே சொன்னார். முன் கண்ணாடியின் மூலையில் கூட்டல் குறி போல ஒரு தடம் தெரிந்தது. டாக்டர்கள் வண்டியில் ஒட்டும் சிலுவை. ஜமீன்தார் எதற்கு அதை ஒட்டப்போகிறார்? ஆர்.சி. புக்கும் அசல் இல்லை, பின்னால் வாங்கிய டூப்ளிகேட். அதில் அப்பா பெயர் மட்டும் இருந்தது.

"முதல் சொந்தக்காரர் யாருன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் இந்த வண்டிக்கு மதிப்பு. நீங்க விசாரிங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் ஊருக்குப் போய்விட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எனக்குத் தெரிந்த கிளார்க் ஒருவர் இருந்தார். மூன்றாவது தடவை போனபோதுதான் பழைய ரிஜிஸ்டர் கிடைத்தது. முதல் சொந்தக்காரர் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு பெண் டாக்டர். அடுத்த பெயர் கடைக்காரரின் அப்பா. அவருக்கும் அதே டாக்டர் வீட்டு விலாசம். டாக்டரின் முதல் கையெழுத்து கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. வண்டியை மாற்றிக்கொடுத்தபோது போட்டது கோணல்மாணலாக இழுத்துக் கிடந்தது. அந்த ஆள் மிரட்டி வாங்கியிருக்கிறான், இல்லையென்றால் அவனே போட்டிருக்கிறான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் பின்தெருவில் இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். போய்க் காரைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா கதவைப் பாதி சாத்தினார்.

"நீங்க யாரு தம்பி? டாக்டரம்மா சொந்தக்காரங்க அனுப்புன ஆளா?"

கடை விலாசம் அச்சடித்த பில்லைக் காட்டிய பிறகுதான் உட்காரச் சொன்னார். கடைக்காரரின் அப்பா டாக்டரிடம் டிரைவராக இருந்தவராம். டாக்டர் குள்ளம், ஆனாலும் காரைத் தானேதான் ஓட்டுவார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகுதான் டிரைவர் வைத்தார். அவர்தான் கடைசிவரை டாக்டரைத் தூக்கி உட்காரவைத்து, ஊர் ஊராக நோயாளிகளைப் பார்க்கக் கூட்டிப்போனார்.

"வண்டிய அவன் பேருக்கு மாத்த ஆபீசுக்கு நாந்தான் கூடப் போனேன். கை நடுங்குது, ஒரு கையெழுத்துப் போட எம்புட்டு நேரம்! அந்தம்மா போய்ச் சேந்ததும் சொந்தக்காரங்க வந்து, வண்டியத் திருடிட்டான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு நாள் உக்கார வச்சு, வண்டி அவன் பேருல இருக்கவும் விட்டுட்டாங்க. அந்தாளு பொண்டாட்டி புள்ளையோட ஊரை விட்டே போயிட்டான்."

அதற்கடுத்த வாரம் பரவைக்குப் போய், "உங்கப்பா ஜமீன்ட்ட வாங்கலையே, தம்பி" என்றேன்.

கடைக்காரர் தராசை விட்டு எழுந்தார். "யாருட்டண்ணே கேட்டீங்க? அன்னிக்கே நெனச்சேன், நீங்க வண்டி வாங்க வந்த ஆளு இல்லைன்னு."

கல்லுப்பட்டிக்குப் போய்வந்ததைச் சொன்னேன். நர்ஸ் சொன்னதைச் சொன்னபோது அவர் பக்கத்தில் இருந்த வெங்காய மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தம்மாவே நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுச்சா?"

"நர்ஸும் கூடவே போயிருக்காங்க."

"அப்பா எதையும் சொன்னதில்லண்ணே. கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. பள்ளிக்கூடத்துல ஒருத்தன் திருட்டுக் கார்னு சொன்னான். அன்னைல இருந்து எனக்கும் சந்தேகந்தான். அவரு சாகுறப்பக் கூட மனசுல அதுதான் ஓடுச்சு." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அந்த நர்ஸம்மா வீடு எங்கண்ணே? நான் இப்பவே போறேன்."

கடையை ஆளிடம் விட்டுவிட்டுப் போயே விட்டார். இரண்டு நாள் கழித்து போன் செய்து, காரை விற்கப்போவதில்லை என்றார்.

மச்சானிடம் சொன்னேன். "உண்மையைச் சொல்லுங்க மாப்ள, வேற யாருக்காவது பேசி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். நர்ஸ் அந்த டிரைவரைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லியிருக்கலாமோ என்ற எண்ணமும் ஒன்றிரண்டு தடவை வந்தது. சரிபார்க்க வேறு ஆள் இல்லை. கடைக்காரரிடம் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் காருக்கு பிரேக் ரப்பர் கேட்டு என் கடைக்கு வந்தார். வழியில் கண்ட ஊர்க்காரர்களிடமெல்லாம் அது எந்த டாக்டர் கொடுத்த வண்டி என்று சொல்லிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். ரப்பரை நானே தேடி எடுத்துக் கொடுத்தேன்.