சலங்கைக்கு ஒரு மணி வரை தடை: எசன் பக்கம் ஓர் அரங்கேற்றத்துக்குப் போனேன்

நவம்பர் 18, ஞாயிறு காலை ஐந்து மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை பொது நடன நிகழ்ச்சி எதுவும் நடத்தக் கூடாது. இந்த நிகழ்ச்சிக்கு விதிவிலக்கும் கிடையாது. இதை உறுதி செய்தவர் எசனுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறு நகரத்தின் பொது ஒழுங்கு அலுவலக அதிகாரி. வெள்ளிக்கிழமை அவரை நேரில் பார்த்துக் கேட்டு வந்த யோகன் எனக்குச் சொன்னார். யோகனின் மகள் நிரோஜாவின் பரதநாட்டிய அரங்கேற்றம் அதே ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அந்த ஞாயிறு ஜெர்மனியின் துக்க நாள். போரில் மாண்ட வீரர்களையும், போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவர்களையும் நாடு நினைக்கும் நாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்வென்ட் காலம் தொடங்குவதற்கு இரண்டு ஞாயிறு முன்னால் வரும். அதன் அமைதியைக் காக்க ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சட்டம் வைத்திருக்கிறது.

நான் போன காரணம் எளிது. சென்னையிலிருந்து வந்து வால்டோர்ஃபில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். அக்டோபரில் கொலோன் போனபோது, குகன் என்பவரின் தமிழ்க் கடையில் அரிசி வாங்கினேன். கதவில் அரங்கேற்றச் சுவரொட்டி. "அனைவரும் வருக" என்று போட்டிருந்தது. "என்ர அக்காவின்ர மகள்தான். நீங்களும் வாங்கோ ஐயா," என்றார் குகன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீஸ்லோக்-வால்டோர்ஃப் நிலையத்தில் ஏறினேன். ஏறக்குறைய 320 கிலோமீட்டர். வார இறுதிச் சீட்டு 33 யூரோ. ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம், ஆனால் விரைவு ரயிலில் ஏற முடியாது. மான்ஹைம், மைன்ஸ், கோப்லென்ஸ், கொலோன் என்று நான்கு இடங்களில் மாறி, மூன்றரை மணிக்கு எசன் சேர்ந்தேன். அவசரமில்லாதவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். மைன்ஸிலிருந்து வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கோப்லென்ஸ் வரை ரைன் நதி கூடவே வரும்.

குகன் சொல்லிவைத்திருந்ததால் நிலையத்தில் யோகன் காருடன் நின்றார். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"மண்டபத்துக் காவலாளிதான் வியாழக்கிழமை போன் எடுத்தவர். 'ஞாயிறு டான்ஸா? விசர் பிடிச்சதா உங்களுக்கு?' எண்டு கேட்டார். ஓடிப்போனன். அந்த அதிகாரி நல்ல மனிசன் ஐயா. அழைச்ச ஆக்கள் மட்டும் வாற வீட்டு விசேஷம் எண்டால் சட்டம் தொடாதாம். கடையெல்லாம் போஸ்டர் ஒட்டினால் அது பொது நிகழ்ச்சியாம். விதிவிலக்கு கேட்டு அன்ட்ராக் எழுதிக் குடுத்திருந்தாலும் இந்த நாளுக்குக் கஷ்டம் எண்டார்."

"நானே போஸ்டர் பார்த்துத்தான் வந்திருக்கேன்," என்றேன்.

"ஓம், நீங்கள்தான் முதல் சாட்சி!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் நிற்கவில்லை. லண்டனிலிருந்து மிருதங்க வித்வான் வந்து இறங்கிவிட்டார். பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் உறவினர்கள் கிளம்பிவிட்டார்கள். பதினொரு வருடம் ஆடிப் பழகிய பெண்.

வரவேற்பறையில் நடன ஆசிரியை, குகன், நிரோஜாவின் தாய் வசந்தி மூவரும் இருந்தார்கள். பத்தரை மணி சுபநேரம். அதை விட ஆசிரியைக்கு மனமில்லை. குகன்தான் முதலில் வழி சொன்னார்.

"தொடங்குவம். பொலிஸ் வந்தால் இது டான்ஸ் இல்லை, சாமி கும்பிடுறது எண்டு சொல்லுவம். நடராசர் சிலை மேடையில இருக்குத்தானே?"

"அப்ப நீ பூசாரியாய் நில்லு," என்றார் யோகன். "வேட்டியோட உன்னைப் பாத்தால் பொலிஸ்காரர் கட்டாயம் பயப்பிடுவினம்."

வசந்தி சிரிக்கவில்லை. தேதி குறித்தவர் அவர்தான். நவம்பர் கடைசி வாரம் யாழ்ப்பாணத்தார் போரில் இழந்தவர்களுக்கு விளக்கேற்றும் வாரம். வசந்தியின் இன்னொரு தம்பியும் அவர்களில் ஒருவர். அந்த வாரத்தில் கொண்டாட்டம் கூடாது என்றுதான் பஞ்சாங்கம் பார்த்து முன்னே தள்ளி வைத்தார். தள்ளிய இடம் ஜெர்மானியரின் துக்க நாளாகிவிட்டது. நாள்காட்டியில் அது சிறிய எழுத்தில் இருந்திருக்கிறது. அவர் பார்த்தது பஞ்சாங்கத்தை மட்டும்.

"எங்கட ஆக்களின்ர நாளில ஒருத்தரும் சலங்கை கட்டமாட்டம்," என்றார் வசந்தி. "அவையின்ர நாளில மட்டும் கட்டலாமோ? ஒரு மணிக்குப் பிறகு தொடங்குங்கோ டீச்சர்."

ஆசிரியை பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, "பன்னிரண்டிலயிருந்து ஒண்டரை மட்டும் எமகண்டம். ஒண்டு முப்பத்தைஞ்சுக்கு எடுப்பம்," என்றார்.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. வித்வானுக்கு மாலை விமானம். நாலரைக்கு மண்டபத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். முழு நிகழ்ச்சிக்கு இரண்டரை மணி நேரம். இடையில் உடை மாற்றும்போது இருபது நிமிடம் வாழ்த்துரை. கணக்குச் சரியாக வந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. நேரம் மாறிய செய்தி பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. யோகன் மதியச் சாப்பாட்டை முன்னதாகவே எடுக்கச் சொன்னார். பக்கத்துப் பூங்காவில் போர் நினைவுக்கல் இருக்கிறது; பதினொன்றரைக்கு நகர மக்கள் மலர்வளையம் வைத்தார்கள். வசந்தி பட்டுச்சேலைக்கு மேல் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றார். இன்னும் சில பெண்களும் போனார்கள். கல்லில் இரண்டு உலகப் போர்களிலும் மாண்டவர்களின் பெயர்கள். நகர மேயர் சுருக்கமாகப் பேசினார். ஊதுகுழல் இசை முடிந்ததும் பக்கத்தில் நின்ற முதிய ஜெர்மானியர் வசந்திக்குக் கை கொடுத்தார்.

சொன்ன நேரத்தில் சலங்கை ஒலித்தது. நிரோஜா வர்ணத்தை முழுமையாக ஆடினாள். அவையில் கைப்பேசிகூட ஒலிக்கவில்லை. நேரமும் கைக்குள் இருந்தது. பிறகு வாழ்த்துரை. ஐந்து சிறப்பு விருந்தினர்கள், ஐந்து பொன்னாடைகள். நான்காமவர் தமிழ்ப் பண்பாட்டின் தொன்மையை ஆதியிலிருந்து தொடங்கினார். யோகன் மேடையோரம் நின்று கும்பிட்டுப் பார்த்தார். பேச்சாளர் அதை வணக்கமாக எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார். இருபது நிமிடம் ஐம்பத்தைந்தானது.

பதம் முடிந்தபோது மணி நாலரை. தில்லானா பாக்கி. வித்வான் மிருதங்கத்தை உறையில் போட்டார். "மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. பிளேன் நிக்காது."

குகன் இசைத்தட்டு இருக்கிறது என்றார். "இசைத்தட்டுக்கு ஆடினால் அது அரங்கேற்றம் இல்லை. மங்களமும் பாட ஏலாது," என்று ஆசிரியை முடித்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் நிரோஜா கண்மை கலைய நின்றாள். "ஜெர்மன்காரர் மூண்டு மணித்தியாலம் எடுத்தவை, அது பரவாயில்லை," என்றாள். "அந்த அங்கிள் பேசின நேரத்துக்கு நான் தில்லானாவை ரெண்டு தரம் ஆடியிருப்பன்."

இதுபோன்ற பயணமோ விழாவோ திட்டமிடுபவர்களுக்கு: நவம்பரில் மண்டபம் எடுக்கும் முன் அந்த மாநிலத்தின் விடுமுறைச் சட்டத்தைக் கேளுங்கள். இந்த மாநிலத்தில் துக்க நாளுக்கு அடுத்த ஞாயிறு, இறந்தோர் ஞாயிறு, தடை மாலை ஆறு வரை. பெரிய வெள்ளி இன்னும் கடுமை. வால்டோர்ஃப் இருக்கும் மாநிலத்தில் நேரங்கள் வேறு. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும்; பூவும் பாலும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். சட்டம் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதற்கேற்பத் திட்டமிட முடியும். வாழ்த்துரைக்கு அந்த வசதி இல்லை.

இதை எழுதும் செவ்வாய்க்கிழமை வரை நிலவரம் இது: தில்லானாவும் மங்களமும் நிலுவையில் உள்ளன. டிசம்பர் 9, ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மண்டபம் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று தடை எதுவும் இல்லை என்று யோகன் அதே அதிகாரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். சிறப்பு விருந்தினர் யாரையும் அழைப்பதில்லை என்பது நிரோஜாவின் முடிவு. லண்டனிலிருந்து வித்வான் வருவாரா என்பதற்கு வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வரும்.