சூடு ஆறுவதற்குள்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருத்தணியில், ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரத்தில் நடந்தது இது. எந்த ஆண்டு என்று அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் சான்று இல்லை, ஆகவே சொல்லவில்லை. நான் கண்ணால் கண்டதையும், பிறர் சொன்னவற்றுள் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதையும் மட்டுமே எழுதப்போகிறேன். இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இந்நிகழ்ச்சி சொல்லப்படும்போதெல்லாம் சற்று வளர்ந்துவிடுகிறது. என் அக்காள் சொல்லும்போது, முருகனே வேன் ஓட்டிக்கொண்டு வந்ததாக அது முடிகிறது. கேட்பவர்கள் கைகூப்புகிறார்கள். எனக்கு மட்டும் அந்த முடிவில் ஏதோ குறைவதாகவே தோன்றும்.

பெற்றோர் இல்லாத நான் அப்போது அக்காள் வீட்டில் தங்கி, புலவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அக்காளின் கணவரை எங்கள் பக்கத்து வழக்கப்படி பாவா என்று அழைப்பேன். அவரிடம் ஒரு டாக்சி இருந்தது. அது என்னைவிட மூத்த கார். இரயிலில் வந்து இறங்குபவர்களை மலைக்கு ஏற்றிச்சென்று இறக்கிவருவதே அவர் தொழில். வீட்டு அரிசியும் என் பாடநூல்களும் அந்தக் காரிலிருந்தே வந்தன. மற்ற மாதங்களில் சவாரிக்குக் காத்துக் கிடப்பவர், கிருத்திகை நாள்களில் மட்டும் உட்கார்ந்து உண்ணவும் நேரமில்லாமல் ஓட்டுவார். அந்த ஓட்டத்தில் கிடைப்பதை வைத்துத்தான் மழைக்காலம் கழியும்.

அந்த ஆண்டு, காரின் தகுதிச் சான்று கிருத்திகைக்குச் சற்று முன்பே காலாவதியாகிவிட்டது. ஓட்டுநர்கள் அதை எஃப்.சி. என்பார்கள். அது இல்லாமல் டாக்சியை நிறுத்தத்தில்கூட நிறுத்த முடியாது. போக்குவரத்து ஆய்வாளர் குறித்த நாள்களில் அரக்கோணம் சாலையை ஒட்டிய ஒரு திடலுக்கு வந்து வண்டிகளைப் பார்ப்பார். அந்நாளைக்கு முகாம் என்று பெயர். விளக்கு, ஒலிப்பான், பிரேக் எல்லாம் பார்த்தபின் கடைசியாகப் புகை. புகையை அளக்கும் கருவி எதையும் நான் அங்கே காணவில்லை. புகைக்குழாய்க்கு நேராக ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்வார்கள். துணியின் நிறமே தீர்ப்பு.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. முகாமுக்குப் போகுமுன் வண்டியை ஒருமுறை மலைக்கு ஏற்றி இறக்குவார்கள். சாமி கும்பிடுவது ஒருபுறம். ஏற்றத்தில் எஞ்சின் திணறி ஏறும்போது உள்ளே படிந்த கரி எரிந்துவிடும் என்பது மறுபுறம். பாவாவும் அப்படியே செய்தார். அக்காள் சூடம் ஏற்றிக் கும்பிட, இறங்கி நேரே முகாமுக்குப் போனார். துணி நீலம் பாய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வந்தது. ஆய்வாளர் மறுத்துவிட்டார். அதில் தவறு ஏதும் இல்லை.

அன்று மாலை பாவாவோடு மெக்கானிக்கிடம் நானும் போயிருந்தேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மலை ஏத்துனது தப்பில்ல நைனா. எறக்குனதுதான் தப்பு. ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டு கியர்லயே எறக்கிக்கினு வந்துகீற. அப்போ வால்வு ஓரமா ஆயில இஸ்துக்கும். கீழ வந்து அழுத்துனா அத்தினியும் பொகைதான்."

"அப்ப ஏறிட்டு மேலயே நிக்கச் சொல்றியா?"

"ஆபீசரு மேல வந்து பாத்தா நில்லு."

மறுநாள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து பிஸ்டன் ரிங்குகளை மாற்றினார். புகை பெரும்பாலும் நின்றது. ஆனால் வால்வு பொருந்தும் உறைகளும் தேய்ந்திருந்தன. அவை சென்னையிலிருந்து வரவேண்டும். கிருத்திகைக்குள் வர வழியில்லை. "ஓடிக்கினு கீற வரைக்கும் பொகை வராது. நிறுத்தி ஆறவுட்டுக் கெளப்புனா வரும். நின்ன எடத்துலயே ஓடவுட்டாலும் கொஞ்ச நேரத்துல சேந்துக்கும்," என்றார். கனகம்மாசத்திரம் வரை ஓட்டிச் சென்று, நிறுத்தாமல் திரும்பி, சூட்டோடு ஆய்வாளர்முன் நிறுத்த வேண்டும் என்பது அவர் சொன்ன வழி.

இது ஏமாற்று ஆகாதா என்று கேட்டேன். "ரோட்டுல ஓடற வண்டி ரோட்டுல எப்படி கீதோ அதக் காட்டச் சொல்றேன். இதுல இன்னாம்மா ஏமாத்து?" என்றார். கிருத்திகை முடிந்ததும் அவ்வுறைகள் மாற்றப்பட்டன. அதை நானே உடனிருந்து பார்த்தேன்.

அடுத்த முகாம்தான் கிருத்திகைக்கு முந்திய கடைசி முகாம். புறப்படும்போது அக்காள் மலைக்குப் போகாமல் எப்படி என்று மறித்தாள். "முருகன் கோவிச்சுக்கினா நான் சமாதானம் சொல்லிக்கிறேன். ஆபீசரு கோவிச்சுக்கினா யாரு சொல்றது?" என்றார் பாவா. பிறகு என்னைப் பார்த்து, "நீ வா. பொலவரு படிக்கிறவ. தேவைப்பட்டா நாலு வார்த்தை திருத்தமாப் பேசு," என்றார். போகும் வழியெல்லாம் ஆய்வாளரிடம் பேச வேண்டியதை மனத்துக்குள் கோத்துக்கொண்டே போனேன். கரும்பு வயல்களின் நடுவே கார் சீராக ஓடியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், புகை இல்லை.

திடலுக்குள் நுழைந்தபோதுதான், நாங்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று எதிரே நின்றது. வரிசை. லாரிகளும் வேன்களுமாக நுழைவாயில் வரை நீண்டிருந்தது. பாவா கடைசியில் போய் நின்றார். எஞ்சினை அணைக்கவும் மனமில்லை, ஓடவிடவும் துணிவில்லை. முன்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்தார்.

"இன்னாப்பா, நிறுத்தாத ஓடவுட்டுக்கினே நிக்கிற? பெட்ரோல் சும்மா வருதா?"

பாவா நிலைமையைச் சொன்னார்.

"சூடாத்தான கீது?"

"ஆங், சூடாத்தான் கீது. இங்க நின்னா போச்சு."

"அப்ப இங்க இன்னா பண்ற? போ முன்னால." அவர் வரிசையை நோக்கிக் குரல் கொடுத்தார். "ஏய், சூட்டு வண்டி வருதுப்பா. ஓரங்கட்டு."

லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. ஒருவரும் காரணம் கேட்கவில்லை. யாரோ ஒருவர், "கிழவி இரும ஆரம்பிக்கிறதுக்குள்ள போயிச் சேருய்யா," என்று கேலி செய்தார். புகைக்கு அஞ்சி வரும் பழைய பெட்ரோல் வண்டிக்கு வழிவிடுவது ஓட்டுநர்களிடையே வழக்கம்தான் என்று பிறகு பலரிடம் கேட்டு அறிந்தேன். அந்த வழக்கத்தில் முந்தி நிற்பவருக்குப் போவது சில நிமிடம் மட்டும். அன்று முன்வரிசை வரை அப்படித்தான் நடந்தது.

வரிசையின் தலையில் ஒரு நீல வேன் நின்றது. அதன் ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கலாம். கழுத்தில் விரத மாலை. அவரும் வண்டியை நகர்த்தி இடம் விட்டார். அப்போது ஆய்வாளரின் உதவியாளர் வந்து, "ஐயா இன்னும் ஒரு வண்டிதான் பாப்பாரு. வேற முகாமுக்குக் கெளம்பணும். யாரு வரீங்க?" என்றார்.

பாவா உடனே காரைப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தார். "நீ போப்பா. உன் டர்னு," என்றார் வேன்காரரிடம்.

அவர் அசையவில்லை. "உனக்கு இன்னா வேலை கிருத்திகைக்கு?"

"ஸ்டேஷன் சவாரி. உனக்கு?"

"எங்க ஊரு காவடி ஜனங்களை ஏத்தியாரணும்."

"அப்ப நீதான் போவணும்."

வேன்காரர் எங்கள் காரின் முன்மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு சொன்னதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "என் வண்டி நாளைக்குப் பாத்தாலும் இதே வண்டிதான். உன்னுது இன்னும் கொஞ்ச நேரம் நின்னா வேற வண்டியாப் பூடும். போ."

அவர் தம் வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பாவா காரை ஆய்வாளர்முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஆய்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் துணியைப் பிடித்தார்கள். பாவா அழுத்தினார். நான் துணியைப் பார்க்காமல் பாவாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பரவால்லியே, ரிங்கு மாத்திட்டீங்களா?" என்று ஆய்வாளர் கேட்ட பிறகுதான் திரும்பினேன். துணியில் லேசான சாம்பல் நிழல் மட்டும் இருந்தது. சான்றில் கையெழுத்து விழுந்தது.

நான் வழிநெடுகக் கோத்துவைத்திருந்த சொற்களுக்கு எங்களுக்காக வேலை இல்லாமல் போயிற்று. அவற்றை அந்த வேன்காரருக்காகச் சொன்னேன். தம் முறையை எங்களுக்கு விட்டவர் அவர் என்றும், ஓர் ஊரின் நேர்த்திக்கடன் அந்த வண்டியை நம்பியிருக்கிறது என்றும், ஒரு வண்டி கூடுதலாகப் பார்த்தருள வேண்டும் என்றும் சொன்னேன். ஜீப்பில் ஏறப்போன ஆய்வாளர் நின்று, முடியும்வரை கேட்டார். "நல்லாப் பேசறீங்கம்மா. ஆனா அங்கயும் ஜனங்க காலைலேருந்து காத்துக்கினு இருக்காங்க. அவரை நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லுங்க," என்றார். அலுவலகம் இருந்தது தொலைவில். போய்வர ஒரு நாள் போய்விடும். ஜீப் புறப்பட்டது.

திரும்பி வந்து வேன்காரரிடம் சொன்னோம். அவர் எதிர்பார்த்ததுபோலத் தலையசைத்தார். பாவா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா நீ, பாஸான வண்டிய நிறுத்திக்கினு அழுவற. போயி சவாரி பாரு. கிருத்திகைல மலைமேல பாக்கலாம்," என்றார் அவர். வரிசை கலைந்து வண்டிகள் ஒரே நேரத்தில் திரும்பிய புழுதியில் நீல வேனும் போய்விட்டது. பெயரையும் ஊரையும் கேட்டிருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகே தோன்றியது.

கிருத்திகையன்று பாவா இரவு பகலாக ஓட்டினார். நான் சரவணப் பொய்கை அருகே நின்று, வந்து நின்ற ஒவ்வொரு வேனையும் பார்த்தேன். மஞ்சள் ஆடையும் மயில் தோகையுமாகக் காவடிகள் இறங்கிய வண்ணம் இருந்தன. நீல வேன்களும் வந்தன. அவர் வேன் என் கண்ணில் படவில்லை. கூட்டத்தில் தவறவிட்டிருக்கவும் கூடும். அடுத்த முகாம்களிலும், மணவூர் திருவாலங்காடு பக்கம் சவாரி போனபோதும் பாவா விசாரித்துக்கொண்டே இருந்தார். பயனில்லை.

அந்த ஆண்டு தேர்வில் தேறினேன். பின்னர் ஆசிரியப் பணியும் கிடைத்தது. அந்தக் கிருத்திகை ஓட்டம் இல்லாமல் இவை நடந்திருக்குமா என்று என்னால் உறுதி கூற இயலாது. நடந்தது அந்த ஓட்டத்தின் பிறகு என்பது உண்மை. அக்காள் அவரை முருகன் என்று சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் முருகனுக்கு முகாமும் இல்லை, எஃப்.சி.யும் இல்லை, வழிவிட்டதால் அவனுக்குப் போவது ஒன்றுமில்லை. அந்த மனிதருக்குப் போயிற்று. அதை அறிந்தே அவர் சாவியைப் பைக்குள் போட்டார். நான் நன்றி செலுத்துவது அந்தக் கைக்கு.

அவருடைய வேன் அன்று பார்க்கப்படவில்லை. மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் போனாரா, சான்று கிடைத்ததா, அவரை நம்பியிருந்த ஊரார் எப்படி மலைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.