அக்காவின் வளவில் நின்ற குளிர் வான்

யாழ்ப்பாணத் தீவுப் பக்கம், ஊர்காவற்துறையில் என் அக்கா எங்களுக்காக ஒரு அறையைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். சுவருக்கு வெளிர்நீலப் பூச்சு, யன்னலுக்குப் புதுக் கொசுவலை, இரண்டு கட்டில், பஞ்சு மெத்தை. சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு வெளிநாடு போன சனமெல்லாம் ஊருக்கு வரத் தொடங்கியிருந்தது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு நானும் வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து அவள் அந்த அறை வேலையாகவே இருந்திருக்கிறாள். அவளுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. என்னுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தக் கட்டில்களில் படுக்கப் போகிறார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய விசயம்.

நாங்கள் அந்த அறையில் படுக்கவில்லை.

யோசனை என் கணவருடையது. ஜெர்மனியில் கோடை விடுமுறைக்கு நாங்கள் படுக்கை வைத்த வான் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏரிக்கரை எதற்காவது போவோம். அங்கே மின்சாரம் எடுக்க வரிசையாகக் கம்பங்கள் நிற்கும். வானிலிருந்து வயரை இழுத்துக் கம்பத்தில் கொழுவினால் விளக்கு, அடுப்பு எல்லாம் வேலை செய்யும். நீர்கொழும்பில் ஒருவர் பழைய மினிபஸ் ஒன்றின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, நாலு படுக்கையும் பின்பக்கம் ஒரு ஏசியும் பூட்டி வாடகைக்கு விடுகிறார் என்று இவர் எங்கோ கேள்விப்பட்டார். மகளுக்கு வியர்த்தால் உடம்பெல்லாம் தடித்துப் போகும். மகன் ஆறு வயது, வெக்கை என்றால் சாப்பிடவே மாட்டான். "பிள்ளையளுக்காகத்தான்" என்றார் இவர். நானும் பிள்ளைகளுக்காகத்தான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அக்காவுக்கு அதை நான் முன்கூட்டியே சொல்லவில்லை. வான் வளவுக்குள் வந்து வேம்புக்குக் கீழே நின்ற பிறகுதான் அவளுக்கு விளங்கியது. உள்ளே ஏறி ஒவ்வொரு படுக்கையாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல வசதி," என்றாள். பிறகு, "அப்ப அறை?" என்று கேட்டாள்.

"பெட்டியளை அங்கை வைக்கலாம் அக்கா."

"ஓம், ஓம். பெட்டி வைக்க ஒரு இடம் வேணும்தானே."

இவர் வானின் வயரைக் குசினி யன்னலால் உள்ளே விட்டு, அக்கா மிக்ஸி போடும் பிளக்கில் கொழுவினார். ஏசியைப் போட்டதும் வீட்டு விளக்குகள் மங்கின. கொஞ்ச நேரத்தில் வயர் கருகும் மணம் வந்து எல்லாமே நின்றது. அத்தான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிற்பாட்டினார். அவர் கடலுக்குப் போகிறவர். அதிகம் கதைக்க மாட்டார். பிளக்கைச் சுற்றிச் சுவர் கறுத்திருந்ததைக் கையால் துடைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் வந்த மின்சார வேலைக்காரர் கலகலப்பான மனிதர். வானுக்குள் ஏறி இறங்கி, "இது விளக்குக்கும் ஃபானுக்கும் போட்ட வயர். இதிலை போய் ஏசியைக் கொழுவியிருக்கிறாங்கள்," என்று சிரித்தார். இரண்டு நாள் வேலை நடந்தது. வானுக்குள் ஓடிய மெல்லிய வயரை முழுக்க உருவி எடுத்துவிட்டுத் தடித்தது போட்டார். வானின் பக்கவாட்டில் மூடி வைத்த பெரிய பிளக் ஒன்றைப் பூட்டி, உள்ளே அதற்கென்று ஒரு பிரேக்கரும் வைத்தார். வீட்டுப் பக்கம் மெயின் சுவிச்சிலிருந்து தனி லைன் ஒன்றை இழுத்துக் குசினியின் வெளிச்சுவரில் கொண்டுவந்து விட்டார். கிணற்றடியில் ஈரமான இடமாகப் பார்த்து எர்த் கம்பியை இறக்கினார். அக்கா அவருக்கு இரண்டு நாளும் சமைத்துப் போட்டாள். வெளிச்சுவரைத் துளைக்கும்போது எங்களுக்காக அதற்கும் அடித்திருந்த புதுப் பூச்சில் விழுந்த வெடிப்பை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்தபோது அந்த மனிதர் ஒரு விசயம் சொன்னார். "வயராலை இனிப் பிரச்சினை வராது. ஆனா போஸ்ட்டிலையிருந்து வாற கறண்டே பொழுதுபட்டா குறைஞ்சிடும். எல்லாரும் விளக்குப் போடுற நேரம். அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது. அந்த நேரம் வீட்டிலை மற்றச் சாமான்களைக் குறைச்சால் ஏசி ஓடும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன், இவரும் அக்காவும் நின்றார்கள். எனக்கு அது காதில் விழுந்ததோடு சரி.

அதற்குப் பிறகு எல்லாம் அருமையாக நடந்தது. பிள்ளைகள் பகல் முழுக்கக் கடற்கரையில் நின்றார்கள். மாலையில் குளித்துவிட்டு வானுக்குள் ஏறினால் பனிக்கால அறை மாதிரி இருக்கும். மகளின் தடிப்பு இரண்டே நாளில் வற்றியது. அக்கா சாப்பாட்டை வானுக்கே கொண்டு வந்தாள். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று, விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சாப்பாட்டுக் கோப்பையைத் தந்துவிட்டு உடனே சாத்திவிடுவாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, செக்கல் கழிந்து நன்றாக இருட்டிய நேரம், மகனுக்குப் பால் எடுக்க வீட்டுக்குப் போனேன். வீடு இருட்டாக இருந்தது. குசினி வாசலில் அக்காவும் அத்தானும் அரிக்கன் லாம்பை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அக்கா அந்த வெளிச்சத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கறண்ட் நிண்டிட்டுதோ?" என்று கேட்டேன்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா, "சும்மா, காத்துக்கு இருக்கிறம்," என்றாள்.

ஆனால் வேப்பமரத்தடியில் வானின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சுவிச்சைப் போட்டேன். மின்குமிழ் சிவப்பாக, தணல் மாதிரி எரிந்தது. வானின் இரைச்சல் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மகன், "அம்மா, குளிர் நிண்டிட்டுது!" என்று கத்தினான்.

அக்கா மீன் கையோடு எழும்பி வந்து முழங்கையால் சுவிச்சை நிற்பாட்டினாள். "பார், பிள்ளையைக் குழப்பிப் போட்டாய்."

பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது, மீன் மணம் அடித்தது. எங்களுக்கென்று அத்தான் கொண்டுவந்து வைத்த பாரை மீன் கெட்டுப்போய், முந்தின நாள்தான் அதைப் புதைத்திருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன்.

"எத்தினை நாளா இப்பிடி?"

"பொழுதுபட்டாத்தான். பத்து மணிக்குப் பிறகு போடலாம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ அதை நிப்பாட்டிப் போடுவாய். பிள்ளை திரும்பச் சொறியத் தொடங்கும்." அவள் மீனுக்குத் திரும்பினாள். "நாங்கள் எத்தினை வருசம் கறண்ட் இல்லாமல் இருந்தனாங்கள். இது எங்களுக்கு ஒரு பாடோ?"

அந்தக் கடைசி வசனம்தான் என்னை அடித்தது. அவள் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவர்கள் இருட்டில் இருந்த வருடங்களில் நான் இங்கே இல்லை, அவ்வளவுதான்.

வானுக்குப் போய் இவரிடம் சொன்னேன். அவருக்கும் முகம் செத்துவிட்டது. "அந்த ஆள் சொன்னவர்தான். நான் யோசிக்கேல்லை," என்றார். பிறகு, "யாழ்ப்பாணத்திலை ஹோட்டல் பாப்பமோ?" என்று கேட்டார்.

"அது இன்னும் கேவலம். அக்கா செத்துப்போவா."

கடைசியில் பொழுதுபட்டதிலிருந்து பத்து மணிவரை ஏசி போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். பிள்ளைகளை அந்த நேரம் கடற்காற்றில் வைத்துக்கொண்டு இருந்தோம். அக்காவிடம் போய், "நாளைக்கு மத்தியானம் நான் உன்ர அறையிலை படுக்கிறன்," என்றேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு.

அக்கா சிறு பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டாள். அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, மடிப்புக் குலையாத பூப்போட்ட விரிப்பை எடுத்து மெத்தையில் விரித்தாள். எனக்குக் கட்டில், தனக்குக் கீழே பாய். மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். அத்தானின் முதுகு நோவைப் பற்றி, புது வலை பற்றி, மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமியாரின் பிரசங்கம் நீளம் என்று, கதைத்துக்கொண்டே வந்தவள் பாதிச் சொல்லில் நித்திரையாகிவிட்டாள்.

என்னால் ஏலாமல் இருந்தது. கூரைத் தகரம் அனலாக இறங்கியது. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றியது. கழுத்துக்குக் கீழே விரிப்பு நனைந்துவிட்டது. இருபது நிமிடம் இருந்திருப்பேன். எழும்பி, அக்காவைத் தாண்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வானின் கதவை மெதுவாகத் திறந்து உள்ளே ஏறினேன். முகத்தில் குளிர் பட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் சுகமாகவும் இருந்தது. கடற்கரையிலிருந்து சாப்பிட வந்து நித்திரையாகியிருந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்து அடித்துப் போட்டமாதிரி நித்திரை கொண்டேன்.

எழும்பிக் கதவைத் திறந்தபோது அக்கா வானின் படியில் இருந்தாள். மடியில் செம்பு, அதில் தேசிக்காய் பிழிந்த தண்ணி. எவ்வளவு நேரம் இருந்தாளோ தெரியாது. அவள் இருந்த இடத்தில் நிழல் போய் வெயில் வந்துவிட்டிருந்தது.

"தட்டியிருக்கலாமே அக்கா!"

"நீங்கள் நித்திரை. ஏன் குழப்புவான் எண்டு." செம்பை நீட்டினாள். "கரைச்சு நேரமாச்சு, கொஞ்சம் சூடாயிட்டுது போல."

ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. "முதுகு நொந்தது அக்கா. அதுதான் எழும்பி வந்தனான்."

"ஓம்," என்றாள் உடனே. "அந்த மெத்தை கொஞ்சம் கட்டி. மெத்தைக்காரன் பஞ்சை நெருக்கி அடைச்சுப் போட்டான்."

அவள் அதை நம்பினாளா, எனக்காக நம்பினமாதிரிக் காட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் காலை நான் இறங்கி வந்தபோது அந்தப் புது மெத்தை முற்றத்தில் தையல் பிரித்துக் கிடந்தது. அக்காவும் அத்தானும் வெயிலில் குந்தியிருந்து பஞ்சைக் கொத்துக் கொத்தாக எடுத்து உதறிக்கொண்டிருந்தார்கள். அத்தானின் மீசையெல்லாம் பஞ்சு. அன்று அவர் கடலுக்குப் போகவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மெத்தையில் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் வெக்கை தாங்கவில்லை என்று. நான் போய் அவர்களுக்குப் பக்கத்தில் குந்திப் பஞ்சு உதறினேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டாள். "தும்மல் வரும், நீ எழும்பு."

அதன்பிறகு இருந்த நாட்களில் நான் ஒவ்வொரு மத்தியானமும் அந்த அறையில் படுத்தேன். வியர்த்து ஊற்றியபடி, கண்ணை மூடிக்கொண்டு, அக்கா கதைப்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். நித்திரை ஒரு நாளும் வரவில்லை. "இப்ப மெத்தை எப்பிடி?" என்று அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். "நல்ல சுகம்," என்றேன்.

போகும் நாளில் இவர் வானின் பிளக்கைக் கழற்றி வயரைச் சுருட்டினார். அக்கா பிள்ளைகளைக் கொஞ்சினாள். வான் ஒழுங்கையைத் தாண்டும்வரை அத்தான் கேற்றில் நின்றார்.

நாங்கள் ஜெர்மனிக்குத் திரும்பிப் போய் மூன்று வருடத்துக்குள் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது. பாதையும் பூட்டுப்பட்டது. தொலைபேசி கிடைக்கும் நாட்களில் அக்காவுடன் கதைப்பேன். தீவில் எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடு. குசினிச் சுவரில் போட்ட அந்தத் தனி லைனில் இப்போது பக்கத்து வளவுத் தச்சர் தன் மெசினைப் போட்டு வேலை செய்கிறார் என்று ஒருமுறை சொன்னாள். அவருடைய வீட்டு வயர் அதைத் தாங்காதாம். "நீங்கள் வந்தபடியாத்தான் இந்த லைன் எங்களுக்குக் கிடைச்சது," என்றாள்.

அன்று என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, நாங்கள் உன்ர வீட்டிலை படுக்கேல்லை எண்டு உனக்கு மனவருத்தமே?"

தொலைபேசியில் இரைச்சல் ஏறியது, அவள் குரலை உயர்த்தினாள்.

"அடுத்தமுறை மார்கழியிலை வா," என்றாள். "அப்ப மழை. வெக்கை இராது. உள்ளுக்கை படுக்கலாம்."

"ஓம் அக்கா," என்றேன். "கட்டாயம் வாறன்."