கலசம் என்று நினைத்துப் பொட்டு வைத்தேன்

பெங்களூர் ஆடுகோடியில் ஒரு தகரக் கொட்டகை. கரண்ட் பாதி நாள் வரும், பாதி நாள் வராது. அங்கே உட்கார்ந்து, லாரி ஜாக்கியை வைத்து முதல் பிரஸ் மெஷினைச் செய்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வரைபடம் தரையில், சாக்பீஸில். யாராவது பெருக்கினால் டிசைன் போச்சு! அப்புறம் செங்கல் அழுத்தும் மெஷின், செருப்பு அட்டை வெட்டும் மெஷின், ஒரு ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கும் கட்டில்... 'உன்னால ஆகாது' என்று சொன்ன அத்தனை பேரும் பின்னால் என்னிடமே மெஷின் வாங்கினார்கள். என் மாமனாரைத் தவிர. அவருக்கு மெஷின் தேவைப்படவில்லை.

தற்பெருமை என்கிறீர்களா? இருக்கட்டும். நாமே சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

அத்திபெலேயில் குக்கர் கேஸ்கட் செய்யும் கம்பெனி ஒன்று. காற்றில் ஓடும் என் பிரஸ் ஒன்று அங்கே இருக்கிறது. போன திங்கட்கிழமை காலை, அந்தக் கம்பெனி மேனேஜர் நாகராஜிடமிருந்து போன். பாதி கன்னடம், பாதி தமிழ்.

"சார், நிம்ம மெஷின் கெட்டுஹோயித்து. கீழ இறங்குச்சு, மேல வரவே மாட்டேங்குது."

"என் மெஷின் கெடாது நாகராஜ்."

"ஹௌதா, அப்படியா? அப்ப நீங்களே வந்து அதுகிட்ட சொல்லுங்க சார்."

ஓசூர் ரோடு டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

பிரஸ் முன்னால் ரேவதி நின்றிருந்தாள். அதை இயக்கும் பெண். ஆறு மாத டெம்பரரி முடிந்து, இந்த வாரம்தான் பெர்மனென்ட் லெட்டர் வரவேண்டும். கையில் இருந்த டீ ஆடை கட்டிப் போயிருந்தது.

"லீவரைப் போட்டு இழுத்திருக்கா சார். வால்வு போச்சு" என்றார் நாகராஜ்.

"நான் ஏன் சார் இழுக்கப் போறேன்? பூஜை லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் தொட்டேன். மொத தடவையே மேல வரல."

"ரிப்போர்ட்ல உன் பேர் வந்தா லெட்டர் நின்னுடும். நானு ஏனு மாட்லி, நான் என்ன பண்றது?"

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கை லீவர் நேராக பிரஸ்ஸை இறக்குவதில்லை. லீவருக்குக் கீழே விரல் தண்டிக்கு ஒரு வால்வு — பைலட் வால்வு என்பார்கள். லீவரை இழுத்தால், மெல்லிய டியூபில் துளி காற்றை அனுப்பும். அந்தக் காற்று போய்ப் பெரிய வால்வைத் தள்ளும். பிரஸ்ஸை இறக்குவது அந்தப் பெரிய வால்வுதான். பியூன் சீட்டு கொண்டுபோனதும் ஆபீசர் கையெழுத்துப் போடுகிற மாதிரி. லீவரை விட்டால் பியூன் வெளியே வந்துவிட வேண்டும். அதாவது அந்தத் துளி காற்று வெளியேற வேண்டும். அப்போதுதான் பிரஸ் மேலே போகும்.

"ரேவதி, இழும்மா. ம்... விடு."

காதைக் கொடுத்தேன். விட்டதும் 'புஸ்' என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. பியூன் உள்ளேயே மாட்டிக்கொண்டான்!

"வால்வு நல்லாத்தான் இருக்கு நாகராஜ். காத்து வெளிய போற வழியை எவனோ அடைச்சு வெச்சிருக்கான்."

பெருமையாகச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

காற்று வெளியேறும் வாயில் விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைத் தொப்பி உண்டு. சத்தம் குறைவதற்காக அதன் உடம்பெல்லாம் ஊசிமுனைத் துளைகள். நானே மாட்டியது. அதன் மேல்...

சந்தனம். மூன்று பட்டை. நடுவில் குங்குமம். நான்கு நாள் காய்ந்து சிமெண்ட்டாக இறுகியிருந்தது.

ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பெனியில் யார் சிறப்பு விருந்தினர்? மெஷின்களுக்கெல்லாம் யார் கையால் பொட்டு? போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தவர் யார்? கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அந்தத் தொப்பி குட்டிக் கலசம் மாதிரித் தெரிந்தது. மற்ற மெஷினுக்கெல்லாம் ஒற்றைப் பொட்டு. நான் செய்த மெஷினாயிற்றே என்று, இதற்கு மட்டும் தனி அலங்காரம்.

நகத்தால் சுரண்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அப்படி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நிமிர்ந்து பார்த்தேன். ரேவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சந்தனத் தட்டை ஏந்திக்கொண்டு என் கூடவே வந்தவள் அவள்தான்.

"ஐயா... அது வந்து..." என்று இழுத்தாள். 

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. கையை எடும்மா."

தொப்பியைத் திருகிக் கழற்றினேன். புஸ்ஸ்ஸ்... பிரஸ் கம்பீரமாக மேலே போனது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவில் உண்மையைச் சொல்வது இருக்கிறதே, அது ரொம்பக் கஷ்டம்.

"நாகராஜ், அடைச்ச 'எவனோ' நான்தான். சந்தனம் என்னுது."

நாகராஜ் சிரித்துவிட்டார். "அட, விடுங்க சார். பெரியவங்க நீங்க." ரிப்போர்ட்டை எடுத்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் 'தூசி' என்று எழுதினார்.

ரேவதியின் முகம் மறுபடியும் விழுந்தது. "சார், தினம் தூசி தொடைக்கறது என் வேலைதானே? அப்பவும் என் தப்புன்னுதானே வரும்?"

நியாயம்தானே? நல்லது நடந்தால் பேர் போட்டுக்கொள்ளப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். தப்பு நடந்தாலோ, மேலே இருப்பவர்களையெல்லாம் மரியாதையாகத் தாண்டிக் கீழே வரும். கடைசியில் யாருக்கு டெம்பரரி வேலையோ, அவர் தலையில் போய் உட்காரும்.

"மாத்தி எழுதுங்க நாகராஜ். அடைச்சது, என் பேரு. சரி பண்ணினது, அதுவும் என் பேரு."

"உங்க பேரை எப்படி சார் போடறது? ஓனர் என்னைத் திட்டுவாரு."

"பூஜை போட்டோல நடுவுல நிக்க வெச்சப்ப இந்த யோசனை வரலியா?"

தலையைச் சொறிந்தார். இந்தப் பத்தியை எழுதும் வரை ரிப்போர்ட் மாறவில்லை. ரேவதிக்கு லெட்டரும் வரவில்லை. நாகராஜுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் ரேவதி படித்துக் காட்டுவாள். அதனால் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்: 'காரணம்' என்ற கட்டத்தில் என் முழுப் பெயர் வரவேண்டும், இனிஷியலோடு.

நான் என் கையால் செய்த காரியம் அது. அந்தப் பேரைப் போயும் போயும் ஒரு தூசி தட்டிக்கொண்டு போக விடமாட்டேன்!