சாயல்குடி ரோட்டில் கரி எரித்த கதை

என் கணவர் துபாய்க்குத் திரும்பிப் போகும்போது ஒரு புது பெட்ரோல் காரையும், அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற நீண்ட உபதேசத்தையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம், கடைத்தெருவுக்குப் போகலாம், அவ்வளவுதான். "ஊருக்குள்ள மட்டும் ஓட்டு புள்ள. மெயின் ரோடு உனக்கு வேணாம்" என்றார். என்னை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டவரே அவர்தான். லைசென்ஸ் வந்த அன்று தெருவுக்கே பிரியாணி போடாத குறை. ஆனால் எங்கள் ஊர் கீழக்கரையின் எல்லையைத் தாண்டி ஒரு நாளும் என்னிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை.

நானும் சொன்னபடியே செய்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் நான் இருப்பது என் உம்மா வீட்டில். தினமும் காலையில் நான் வாசலில் காரை உறும விட்டுக்கொண்டிருப்பேன். உம்மா அடுப்படியிலிருந்து, "பிள்ளைக்குப் பால் குடுத்து முடிச்சியா? சத்தம் தாங்கல" என்று கிண்டல் செய்வார். முடிந்ததும் துணி உறையைப் போர்த்திவிடுவேன். உப்புக் காற்றில் துரு ஏறிவிடுமாம், அதுவும் உபதேசத்தில் உண்டு.

இப்படிச் சீராட்டி வளர்த்த வண்டியில் ஒரு நாள், பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது, மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு குழாய், நடுவில் பெட்டி, பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ. பார்ப்பதற்கு மாவு அடைத்த புட்டுக்குழல் மாதிரி இருந்தது. போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"வண்டிய என்ன பண்ணி வச்ச?"

"நீங்க என்ன பண்ணச் சொன்னீங்களோ அதைப் பண்ணி வச்சிருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது.

ராமநாதபுரம் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பேசியது ஒரு பெண். நான் படத்தை விவரித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரி புது பெட்ரோல் என்ஜின் சிலதில் புகைக்குழாய்க்கு நடுவே ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்களாம். புகையில் வரும் நுண்ணிய கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நன்றாகச் சூடேறி ஓடும்போது அந்தக் கரி தானாக எரிந்து போகும்.

"தினம் எம்புட்டுத் தூரம் ஓட்டுறீங்க மேடம்?"

பள்ளிக்கூடம், கடைத்தெரு, காலையில் வாசலில் நிறுத்தி ஓட விடுவது எல்லாம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "குளுந்து கிடக்குற என்ஜின்லதான் கரி அதிகமா வரும். நீங்க தினமும் கரியச் சேத்து வச்சிருக்கீங்க, எரிக்கவே இல்ல. நிப்பாட்டி வச்சு ஓட விடாதீங்க. மெயின் ரோட்ல ஒரே வேகத்துல நல்லா தூரமா ஒரு ஓட்டம் விடுங்க. இப்படியே விட்டா வண்டி இழுக்காம போயிரும், அப்புறம் இங்கன கொண்டாந்து மெஷின் மாட்டித்தான் எரிக்கணும். அதுலயும் போகலேன்னா வடிகட்டியவே மாத்தணும்."

மெயின் ரோடு! எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். மருந்துச் சீட்டில் யாரோ எனக்குப் பிடித்த பண்டத்தை எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் கணவரிடம் சொன்னபோது அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. "தம்பிய வந்து ஓட்டச் சொல்றேன். சரியாகலேன்னா பேசாம வித்துருவோம். நான் ஊருக்கு வரும்போது வேற பாத்துக்குவோம்" என்றார்.

விற்பதா? அந்த வண்டி போனால் நான் திரும்பவும் ஆட்டோவுக்குக் காத்து நிற்க வேண்டியவள். யாராவது ஆண்பிள்ளை ஓய்வாக இருக்கிறாரா என்று கேட்டுக்கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள்.

மறுநாள் கணவரின் தம்பி வந்தார். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் நீளம். அண்ணன் மனைவியை நாங்கள் மச்சி என்று கூப்பிடுவோம். "கவலைய விடுங்க மச்சி, சாயல்குடி போய்ட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"வண்டில ஏதோ கோளாறு. நான் ஓட்டாத ஓட்டமா? பெட்ரோல் எவ்வளவு மிச்சம் தெரியுமா மச்சி? ஆடு மாடு குறுக்க வந்தா, ஊரு வந்தா, உடனே நியூட்ரல். சும்மா வழுக்கிக்கிட்டே வந்தேன். பேசாம அந்த வடிகட்டிய வெட்டித் தூரப் போட்ருவோம். நம்ம வெல்டிங் ஆளு இருக்காரு."

நான் அவர் எதிரிலேயே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். வெட்டவே கூடாது, அது சட்டப்படி தப்பு, வண்டியின் கம்ப்யூட்டரும் விடாது என்றார் அந்தப் பெண். நியூட்ரலில் ஓட்டியதைச் சொன்னதும் அவருக்கே தாங்கவில்லை. "கரி எரிய சூடு மட்டும் போதாது மேடம், காத்தும் வேணும். கியர்ல இருக்கும்போதே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாத்தான் பெட்ரோல் நின்னு வெறும் காத்து உள்ள போகும். நியூட்ரல் பண்ணா அது நடக்காது. ஒரு கியர் கம்மியா வச்சு ஓட்டுங்க, ரோடு காலியா இருக்குறப்ப அப்பப்ப காலை எடுங்க."

"சாவியக் குடுங்க" என்றேன்.

"மச்சி, அண்ணன்..."

"அண்ணன்ட்ட நான் பேசிக்கிறேன்."

உம்மா அதற்குள் புர்காவை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறியிருந்தார். பிஸ்மி சொல்லிக் கிளம்பினேன். ஏர்வாடி விலக்கு வரைக்கும் இடது ஓரத்தை விடாமல் ஓட்டினேன். எதிரே வந்த பஸ் ஒன்று என்னை உரசாமல் போனதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அதற்கப்புறம் சாலை திறந்துகொண்டது. இரண்டு பக்கமும் பனையும் கருவேலமும், அதைத் தாண்டி வெள்ளையாக உப்பளம். நாலாவது கியரில் வைத்து, ஒரே சீராக ஓட்டினேன். என்ஜின் நன்றாகச் சூடேறியதும், முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை என்று பார்த்துக் காலை எடுத்தேன். வண்டி கியரிலேயே முனகிக்கொண்டு வேகம் குறைந்தது. திரும்ப மிதித்தேன். திரும்ப எடுத்தேன்.

"ஏன் புள்ள, தாலாட்டுறியா?" என்றார் உம்மா.

சாயல்குடிக்குக் கொஞ்சம் முன்னால், காலை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த மஞ்சள் விளக்கு அணைந்தது. நான் கத்திய கத்தலில் உம்மா பயந்து கலிமா ஓத ஆரம்பித்துவிட்டார். சாயல்குடியில் ஓரமாக, புகைக்குழாய்ச் சூட்டில் பற்றிக்கொள்ளாதபடி காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, டீ குடித்தோம். அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை. அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்தேன்.

"அணைஞ்சிருச்சா? அல்ஹம்துலில்லாஹ். யாரு ஓட்டுனா?"

"நான்தான்."

"சரி, பத்திரமா வந்து உள்ள போட்ரு" என்றார்.

"உள்ள போட்டாத்தான மச்சான் அடைச்சிக்கிது. வாரா வாரம் ஓட்டணும்" என்றேன்.

ஓட்டினேன். திருவாடானை, தேவிபட்டினம், மழைக்காலத்தில் ஒரு தடவை தனுஷ்கோடி. ஆயில் மாற்றும்போது அந்த என்ஜினுக்கு உரிய, சாம்பல் குறைந்த ஆயில்தானா என்று டப்பாவை வாங்கிப் பார்த்த பிறகுதான் ஊற்ற விடுவேன். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். அந்த விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. விற்கிற பேச்சும் எழவில்லை.

கணவர் லீவில் வந்தபோது வழக்கமாக எடுக்கும் வாடகை வேனைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மதுரை விமான நிலையத்துக்கு நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டிகளை ஏற்றிவிட்டு அவர் நேராக டிரைவர் கதவுக்கு வந்து கையை நீட்டினார். நான் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன். "அந்தப் பக்கம் ஏறுங்க மச்சான்" என்றேன். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார், பிறகு சுற்றி வந்து ஏறினார். திருப்புவனம் வரைக்கும் முதுகைச் சாய்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். மானாமதுரை தாண்டி, ஒரு லாரியை முந்திவிட்டு, என்ன சொல்லப் போகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.