கடைசி வாங்கில் இருந்த அம்மா

கணவனை இழந்த ஒரு தாயைப் பேசவிடாமல் அவர் குடியிருந்த வீட்டை விற்கவைத்தவன் நான். அதட்டவில்லை, ஏமாற்றவில்லை. மிகுந்த மரியாதையோடுதான் செய்தேன். அதனாலேயே, செய்தது என்னவென்று விளங்க எனக்கு நெடுநாள் பிடித்தது.

ஓய்வுபெற்ற பிறகு சில காலம் கண்டிக்கு அருகே ஒரு மத்தியஸ்த சபையில் இருந்தேன். நீதிமன்றம் வரை போகத் தேவையில்லாத பிணக்குகளைப் பேசித் தீர்ப்பது எங்கள் வேலை. வேலித் தகராறு, வடிகால், வாடகை, அண்ணன் தம்பி சண்டை. சனிக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவோம். சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் மேசையில் இடிக்க, மூன்று பேர் இருப்போம்.

எனக்கு அதில் நல்ல பெயர். கச்சேரியில், அதாவது அரசாங்க நிர்வாக அலுவலகத்தில், உத்தியோகம் பார்த்த காலத்திலேயே செவிமடுத்தல் பற்றிப் பல பயிற்சிகளுக்குப் போயிருந்தேன். பேசுபவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும், இடையிடையே தலையசைக்க வேண்டும். எல்லாம் எனக்குக் கைவந்திருந்தது. தலையசைப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. வீட்டில் மட்டும் மனைவி, "உங்களுக்குக் காது இருக்கிறது மூக்குக்கண்ணாடி கொழுவத்தான்" என்பார். நான் சிரித்துவிட்டுப் பத்திரிகையைப் புரட்டுவேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் ஒரு முஸ்லிம் குடும்பத்தினர். மூத்த மகனுக்குக் கட்டுகஸ்தோட்டையில் செருப்புக் கடை. இளையவருக்குத் தெல்தெனியவில் ஒரு பலசரக்குக் கடை. தந்தை இறந்த பிறகு வீடு தாயின் பெயரிலும் இரண்டு மகன்மாரின் பெயரிலும் இருந்தது. விற்று, கடையைப் பெருப்பிக்க வேண்டும் என்றார் இளையவர். மூத்தவர் மறுத்தார்.

"வாப்பா கட்டின ஊடு. அதுக்கு நீ ஒரு ஆணி அடிச்சீக்கியா?"

"நீங்க மட்டும்? கூர ஒழுகக்குள்ள வாளி வச்சதுதான் நானா, நீங்க செஞ்ச ஒரே ரிப்பேர்" என்றார் இளையவர், தமையனைப் பார்த்து.

நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரிப்பு வந்தால் தீர்வும் வரும் என்பது என் அனுபவம். மூத்தவர் பேசியதைக் கவனித்தபோது ஒன்று விளங்கியது. அவர் விற்பதை எதிர்க்கவில்லை, மலிவாக விற்பதைத்தான் எதிர்க்கிறார். விலையைப் பிடித்துக்கொண்டேன். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு, இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தொகைக்குக் கொண்டுவந்தேன். தாய் இனி இளையவரோடு தெல்தெனியவில் இருப்பார் என்றும் முடிவானது.

அந்தத் தாய் அவ்வளவு நேரமும் வகுப்பறையின் கடைசி நீள வாங்கில் தலையை மூடிக்கொண்டு இருந்தார். என் பக்கத்தில் இருந்த சிங்கள நண்பர், ஓய்வுபெற்ற தபால் அதிபர், என் காதோடு சிங்களத்தில் கேட்டார்: "அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லையே?"

"அவர்களுடைய வழக்கம் அப்படித்தான். பெண்களிடம் நேரே கேட்டால் மகன்மாருக்குக் குறையாகப் போகும்" என்றேன்.

அந்தச் சபையில் தமிழ் பேசுபவன் நான் ஒருவன்தான். தமிழ் பேசுகிற எல்லோருடைய வழக்கமும் எனக்குத் தெரியும் என்று மற்றவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். யாழ்ப்பாணத்துச் சைவனான எனக்கு ஒரு முஸ்லிம் வீட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியாது. அந்நிய வீட்டுப் பெண்ணை ஏறிட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்து, அவருக்குரிய கேள்வியையும் மகன்மாரிடமே கேட்டேன்.

"அம்மாவுக்குச் சம்மதம்தானே?"

"உம்மாக்கு எல்லாம் சரி சேர்" என்றார்கள் இருவரும். அன்று முழுவதும் அவர்கள் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றைத்தான்.

எல்லோரும் கையொப்பம் வைத்தார்கள். அவரும் வைத்தார். மகன்மார் வாசலுக்குப் போன பிறகு அவர் மட்டும் திரும்பி என் மேசைக்கு வந்தார்.

"சேர், உங்கள்ட்ட ஒரு கத செல்ல ஈக்கி."

அடுத்த வழக்குக்காரர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று கைகூப்பினேன். அவரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து, "தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, களைச்சுப் போனா" என்றேன்.

அவர் போய்விட்டார்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். செருப்பு வாங்க மூத்தவரின் கடைக்குப் போனேன். அடையாளம் கண்டு கதிரை போட்டார். அம்மாவைப் பற்றி விசாரித்தேன்.

"ஈக்கிறாங்க சேர். பின்னேரம் அஸர் தொழுகைக்கு பாங்கு செல்லிட்டா தம்பிட ஊட்டு கேட்டடியில போய் நிப்பாங்களாம், பிள்ளைங்க ஓத வருவாங்கண்டு. அங்க யாரு வார?"

அப்போதுதான் அறிந்தேன். விற்ற வீட்டின் முன்னறையில் அவர் பின்னேரங்களில் அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார். அந்தத் தெருவில் வளர்ந்த எல்லோரும் அவரிடம் அரபு எழுத்துப் படித்தவர்கள். இன்று மகன் வீட்டில் அவருக்குச் சோறும் கட்டிலும் இருந்தன, வேலை இல்லை.

"இதை நீங்கள் அண்டைக்குச் சொல்லேல்லையே?" என்றேன்.

மூத்தவர் செருப்பைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்க விலையத்தானே சேர் கேட்டீங்க."

பிழையைத் திருத்தியே தீருவது என்று புறப்பட்டேன். வீட்டை வாங்கியவர் நல்ல மனிதர். பின்னேரத்தில் மட்டும் முன்னறையைத் தர ஒப்புக்கொண்டார். தாயைக் கூட்டிவர மூத்தவர் ஓட்டோ ஒழுங்கு செய்வதாகச் சொன்னார். இளையவரோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினேன். முதலில் முரண்டுபிடித்தார், பிறகு இறங்கி வந்தார். பழைய கெட்டித்தனம் இன்னும் போகவில்லை என்று எனக்குச் சந்தோஷம். இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ என்ன சொன்னவ?" என்று கேட்டார் மனைவி.

"ஆர்?"

அவர் விளக்கை அணைத்தார்.

அடுத்த கிழமை தெல்தெனிய பஸ் ஏறினேன். நான் வருவது தெரிந்து, தேத்தண்ணியும் இனிப்புத் தொதலும் வைத்திருந்தார்கள். அந்தத் தாய் வந்து எதிரே அமர்ந்தார். முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். என் ஏற்பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அந்த ஊட்டுப் பொம்புள சமைக்கிற நேரம் சேர் அது. அடுத்தவங்கட கதவத் தட்டிக்கிட்டு நான் எப்பிடி ஓதிக் குடுக்கிற? அந்தப் பிள்ளைங்களும் இப்ப வேற ஒரு பொம்புளட்ட ஓதுறாங்க. அவட்ட ஓதுற பிள்ளைங்கள நான் கூப்பிட்டா அவட மனசு என்னாகும்?"

நான் கேட்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"அம்மா, அண்டைக்கு மேசைக்கு வந்து என்ன சொல்ல நினைச்சனீங்கள்?"

"முன்னறைய மட்டும் நான் மவுத்தாகுற வரைக்கும் உட்டுத்தரச் செல்லிக் கேக்க வந்தேன். பொறகு வித்துப் பங்கு போடட்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அவர் சாகும்வரை ஓர் அறை என்றால் மகன்மாருக்கும் அதை மறுத்திருக்க மனம் வந்திராது. ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதைவிடச் சிக்கலான எத்தனையோ பிணக்குகளை நான் அதே மேசையில் தீர்த்திருக்கிறேன்.

உள்ளேயிருந்து இளையவரின் குரல் கேட்டது. தொலைபேசியில் தமையனோடு சண்டை. "வித்தது பிழையெண்டு சேரே செல்றாராமே? அப்ப பங்கெடுக்கக்குள்ள உங்கட வாய் எங்க போன?" மறுமுனையில் என்ன சொன்னார்களோ, தொலைபேசியைத் தூக்கி எறிந்த சத்தம் வந்தது. நான் ஆறவிட்டிருந்தால் ஆறியிருக்கும் ஒன்றை, திருத்தப் போய்த் திரும்பக் கிளறியிருந்தேன்.

அந்தத் தாய் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"நான் இனி என்ன செய்யட்டும் அம்மா?" என்றேன்.

"தேத்தண்ணியக் குடிங்க சேர், ஆறுது." தொதல் தட்டை என் பக்கம் நகர்த்திச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. இனி நீங்க வராம ஈந்தாப் போதும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டு ஈந்தாங்க. அது மட்டுமாவது எனக்கு ஈந்திச்சு."

ஓம் என்றேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். நீர்த்தேக்கத்தின் ஓரமாக பஸ் திரும்பிவந்தபோது பயணிகள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே சபையிலிருந்து விலகினேன். காரணம் கேட்டபோது முழங்கால் வலி என்றேன். தெல்தெனியவுக்கு இன்றுவரை போகவில்லை. அவர் என்னிடம் கேட்டதில் நான் செய்துகொடுத்தது அது ஒன்றுதான். சகோதரர்கள் பேசிக்கொள்கிறார்களா, அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. மூத்தவர் கட்டுகஸ்தோட்டைக் கடையை விட்டுவிட்டுப் போய்விட்டார். விசாரிக்க வேறு யாரும் இல்லை.